நங்கூரம் சின்னதில்லை, கயிறுதான் சின்னது

கனடாவில் மார்க்கம் நகரிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 43 வயது. பூர்வீகம் வல்வெட்டித்துறைப் பக்கம். போன ஆண்டு 22 அடி நீளமுள்ள பழைய மோட்டார் படகு ஒன்று வாங்கியிருக்கிறார். படகோடு ஒரு நங்கூரமும் வந்தது. 4 கிலோ எடை, தட்டையான இரண்டு அலகுகள் மடங்கும் டான்ஃபோர்த் வகை. அதில் 15 மீட்டர் கயிறு கட்டியிருந்தது, சங்கிலி கிடையாது. ஆகஸ்டில் ஒரு நாள் ஜார்ஜியன் வளைகுடாவில், தீவுகளுக்கு நடுவே 4 மீட்டர் ஆழத்தில் நங்கூரம் போட்டார். நண்பரின் படகையும் பக்கத்தில் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். சாப்பாடு, பிள்ளைகளின் நீச்சல், பெரியவர்களுக்கு ஒரு குட்டித் தூக்கம். மூன்று மணிக்கு வடமேற்கில் மேகம் கறுத்து, காற்று திரும்பியது. கண்விழித்துப் பார்த்தபோது இரண்டு படகுகளும் பாறைக்கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. எஞ்சினைக் கிளப்புவதற்குள் புரொப்பெல்லர் பாறையில் அடித்து வளைந்துவிட்டது. நண்பரின் படகிலும் நீளமாக ஒரு கீறல். நல்லவேளை, ஆளுக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் 11 வயது மகள் இனிப் படகில் ஏற மாட்டேன் என்கிறாள். மனைவி படகை விற்றுவிடச் சொல்கிறார்.

இனி அவர் கேட்பவை. கடைக்காரர் 10 கிலோ துருப்பிடிக்காத எஃகு நங்கூரம் ஒன்றைக் காட்டுகிறார், வாங்கலாமா? ஊரில் கடலுக்குப் போய்ப் பழகிய அப்பா, "கல்லைப் பெரிசாப் போடு, எல்லாம் நிக்கும்" என்கிறார், சரியா? மச்சான் பின்பக்கமும் இன்னொரு நங்கூரம் போடச் சொல்கிறார். சட்டம் 15 மீட்டர் கயிறு என்றுதானே சொல்கிறது, அப்படியிருக்க ஏன் இழுபட்டது? நண்பரின் படகுக்கு யார் பணம் கட்டுவது? கரையில் குடில் வைத்திருந்த ஒருவர் "என் வீட்டு முன்னால் நங்கூரம் போடாதே" என்று கத்தினாரே, அவருக்கு அந்த உரிமை உண்டா? கடைசியாக, நங்கூரம் போட்ட படகில் பீர் குடிக்கலாம் என்று மச்சான் அடித்துச் சொல்கிறார், உண்மையா?

தம்பி, முதலில் ஒன்று. நங்கூரம் இழுபடாத படகோட்டி என்று யாரும் கிடையாது. நான் தூத்துக்குடிக்காரன், சரக்குக் கப்பலில் இருபது வருடம் ஓடியவன், இப்போது சின்னப் படகுகளைப் பரிசோதிப்பதும் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுமாக இருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஒன்டாரியோ ஏரியில் என் சொந்தப் படகில் முதல் தடவை நங்கூரம் போட்ட ஒரு மணி நேரத்தில், பின்னால் நின்ற ஒரு பாய்மரப் படகின் மேல் போய் உட்கார்ந்தேன். கப்பல் பழக்கத்தில் சங்கிலியை ஒரே இடத்தில் குவியலாகக் கொட்டியிருந்தேன், கேப்டன் என்ற தலைக்கனம் வேறு. ஆகவே வெட்கப்பட வேண்டாம். உங்களுக்கு நடந்ததில் விதியின் பங்கு குறைவு, கணக்கின் பங்கு அதிகம். கணக்கு என்றால் திருத்திவிடலாம்.

எடை எவ்வளவு முக்கியம்?

அப்பா சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கல்லையும் கயிற்றையும் வைத்து ஒரு தலைமுறையே கடலில் நின்றிருக்கிறது. ஆனால் அந்தக் கல் வேலை செய்த சூழலையும் பாருங்கள். கரையோரத்தில் ஆழம் குறைவு. வள்ளம் தண்ணீரோடு தாழ்வாகக் கிடக்கும், காற்று பிடிக்க அதில் பெரிய பரப்பு இல்லை. கயிற்றைத் தாராளமாக விடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, படகில் ஒருத்தர் விழித்திருப்பார். உங்கள் படகில் கண்ணாடித் தடுப்பு, மேலே துணிக்கூரை, உயரமான பக்கங்கள் என்று காற்றுக்குக் கொடுக்க நிறைய இருக்கிறது. எல்லோரும் தூங்கியும் விட்டீர்கள்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகின் மேல் அது தரும் விசை நான்கு மடங்காகும். அமெரிக்கப் படகுத் தொழில்துறை பயன்படுத்தும் அட்டவணைப்படி, உங்கள் அளவுப் படகு 15 நாட் காற்றில் நங்கூரத்தை ஏறக்குறைய 45 கிலோ விசையோடு இழுக்கும். 30 நாட் வந்தால், அதாவது மணிக்கு 55 கிலோமீட்டர், அது 180 கிலோவைத் தாண்டும். அட்டவணை கொஞ்சம் தாராளமாகவே போட்டிருக்கும், அது நல்லதுதான். அன்று நண்பரின் படகும் சேர்ந்திருந்ததால் இதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். இதை எடையால் மட்டுமே தாங்க வேண்டுமென்றால் குறைந்தது ஏழெட்டு மூட்டை சிமென்ட்டை இறக்க வேண்டியிருக்கும். அதை ஏற்றித் திரிய உங்கள் படகில் இடமில்லை. அதோடு, தண்ணீருக்குள் போனதும் கல்லும் சிமென்ட்டும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும்.

பின்னே நாலு கிலோ இரும்பு எப்படித் தாங்குகிறது? கலப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். மாடு மட்டமாக இழுத்தால் கொழு மண்ணுக்குள் இறங்கும். அதே கயிற்றை மேல்நோக்கி இழுத்தால் கொழு மண்ணை விட்டு வெளியே வந்துவிடும். நங்கூரமும் அப்படித்தான். மட்டமாக இழுபட்டால் புதையும், இழுக்க இழுக்க இன்னும் ஆழமாகப் போகும், தன் எடையைப் போல் பல பத்து மடங்கு விசையைத் தாங்கும். மேல்நோக்கி இழுபட்டால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஜெஃப்ரி இங்கிராம் டெய்லர் என்ற கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி 1933-ல் சி.கியூ.ஆர். என்ற நங்கூரத்தை அமைத்தபோது அதற்குக் கலப்பை வடிவத்தையே கொடுத்தார். நீரில் இறங்கும் விமானங்களுக்குக் கனமான நங்கூரம் கட்டுப்படியாகாது என்பதுதான் அவருக்கிருந்த சிக்கல். எடையைக் குறைத்துப் பிடியைக் கூட்டும் வழி அங்கேயிருந்து நம் பொழுதுபோக்குப் படகுகளுக்கு வந்தது. உங்களிடம் இருக்கும் டான்ஃபோர்த் வகையும் இரண்டாம் உலகப்போரில் கரையேறும் படகுகளில் உழைத்ததுதான். கரையில் ஏறி நின்ற படகு, பின்னால் போட்டுவைத்த நங்கூரத்தை இழுத்தே திரும்பத் தண்ணீருக்குள் வரும்.

15 மீட்டர் என்ற கணக்கு

கடிதத்தில் நீங்கள் சொன்ன அளவுகளை வைத்தே பார்க்கலாம். ஆழமானி 4 மீட்டர் காட்டியது. கயிறு கட்டியிருக்கும் அணியம், அதாவது படகின் முன்நுனி, தண்ணீருக்கு மேல் ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில் இருக்கும். பலரும் இந்த ஒரு மீட்டரை மறந்துவிடுகிறார்கள். ஆக மொத்தம் 5 மீட்டர். கயிறு 15 மீட்டர். மூன்றுக்கு ஒன்று. அந்த விகிதத்தில் கயிறு விறைத்து நின்றால், தரையிலிருந்து கிட்டத்தட்ட 20 பாகை மேல்நோக்கி நங்கூரத்தை இழுக்கும். சங்கிலியும் இல்லாததால் அந்த இழுப்பைக் கீழே அமர்த்தவும் ஏதுமில்லை. மெல்லிய காற்றில் இது தெரியாது. காற்று ஏறியதும் கலப்பை கிளம்பிவிட்டது.

கயிறு மட்டும் என்றால் ஏழுக்கு ஒன்று, நல்ல நீளத்துக்குச் சங்கிலி இருந்தால் ஐந்துக்கு ஒன்று. படகுக்காரர்கள் பின்பற்றும் கணக்கு இதுதான். ஏழுக்கு ஒன்றில் கோணம் 8 பாகைதான் வரும். அன்று நீங்கள் விட்டிருக்க வேண்டியது 35 மீட்டர் கயிறு.

இனிச் சட்டம். கனடாவின் சிறுபடகு விதிகள்படி 9 மீட்டர் வரையுள்ள படகில் துடுப்பு மாதிரி கையால் தள்ளும் சாதனம் ஒன்றோ, குறைந்தது 15 மீட்டர் கயிறோ சங்கிலியோ பூட்டிய நங்கூரமோ இருந்தால் போதும். 9 முதல் 12 மீட்டர் படகுக்கு நங்கூரம் கட்டாயம், அதில் 30 மீட்டர் வேண்டும். அதற்கு மேல் 24 மீட்டர் வரை 50 மீட்டர். உங்கள் படகு 6.7 மீட்டர். ஆகவே சட்டப்படி நீங்கள் செய்ததில் தவறில்லை. எஞ்சின் நின்றுபோனால் படகு கண்டபடி அடித்துப் போகாமல் பிடித்துவைக்க ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்பதே அந்த விதியின் எண்ணம். பாறைக்கு முன்னால் நிறுத்திவிட்டுத் தூங்கலாம் என்று அது உறுதி தரவில்லை. ஏழுக்கு ஒன்று என்று கணக்கிட்டால் 15 மீட்டர் கயிறு 2 மீட்டருக்குத்தான் போதும். அணியத்தின் உயரத்தைக் கழித்தால் மிஞ்சுவது இடுப்பளவுத் தண்ணீர்.

என்ன வாங்குவது?

முதலில் கயிறும் சங்கிலியும் வாங்குங்கள், நங்கூரத்தை அப்புறம் பார்ப்போம். மூன்று புரி நைலான் கயிறு, 12 மில்லிமீட்டர் தடிமன், 45 மீட்டர். நைலான் ரப்பர் மாதிரி கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும், அலையின் வெட்டு நங்கூரத்துக்குப் போகாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் பாலிபுரொப்பிலீன் கயிறு வேண்டாம். அது மிதக்கும், புரொப்பெல்லரில் சுற்றும், வெயிலில் நொறுங்கும். சங்கிலி, துத்தநாகம் பூசிய 6 மில்லிமீட்டர், 6 மீட்டர் நீளம். அதன் எடை மட்டுமே 5 கிலோ வரும். கனம் வேண்டும் என்று அப்பா சொன்னாரே, அந்தக் கனம் இருக்க வேண்டிய இடம் இதுதான். தரையோடு கிடந்து இழுப்பை மட்டமாக்கும், கூரான பாறையில் நைலான் உரசி அறுந்துபோகாமலும் காக்கும். கப்பலிலும் இதே கதைதான். 27.5 மீட்டர் ஒரு ஷேக்கிள் என்று எண்ணி, ஐந்தாறு ஷேக்கிள் சங்கிலியைத் தரையில் நீளமாகப் படுக்க வைப்போம். கயிறும் சங்கிலியும் சேர்ந்து 51 மீட்டர். ஐந்துக்கு ஒன்று என்றால் 9 மீட்டர் ஆழம் வரை தைரியமாக நிற்கலாம்.

சங்கிலியை நங்கூரத்தோடு பூட்டும் லாட வடிவ இணைப்புக்கும் ஷேக்கிள் என்றுதான் பெயர். அதன் திருகாணி கழன்றுவிடாமல் கம்பியால் கட்டிவிடுங்கள். கயிற்றின் நுனியில் வெறும் முடிச்சு போட்டால் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும், ஆகவே உள்வளையம் வைத்துப் பின்னித் தரச் சொல்லுங்கள்.

இனி நங்கூரம். கடைக்காரர் காட்டும் எஃகு பளபளக்கும், அவ்வளவுதான். துருப்பிடிக்காத எஃகும் துத்தநாகம் பூசிய இரும்பும் ஒரே வடிவமென்றால் ஒரே மாதிரிதான் பிடிக்கும். விலைதான் பல மடங்கு. 22 அடிப் படகுக்கு 10 கிலோ தேவையுமில்லை. தூக்கக் கஷ்டமாக இருக்கும் நங்கூரத்தை யாரும் இடம் மாற்றிப் போட மாட்டார்கள். சரியாகப் பிடிக்கவில்லை என்று தெரிந்தாலும் "பரவாயில்லை, விடு" என்றுவிடுவார்கள்.

உங்கள் டான்ஃபோர்த் மணலிலும் சேற்றிலும் அருமையாகப் பிடிக்கும். அதற்கு இரண்டு பலவீனங்கள். தரையில் பாசியும் நீர்ச்செடியும் அடர்ந்திருந்தால் அதன் மேலேயே சறுக்கிக்கொண்டு போகும். காற்று எதிர்த்திசைக்குத் திரும்பி நங்கூரம் ஒருமுறை புரண்டால், அலகுகளுக்கு நடுவே சிக்கிய ஒரு கல்லோ செடிக்கொத்தோ மடக்கைத் தடுத்துவிடும். அப்புறம் அது மறுபடி புதையாது, வெறும் இரும்பாக உருளும். அன்று உங்களுக்கு இரண்டாவது நடந்திருக்கவும் வாய்ப்பு நிறைய. ஜார்ஜியன் வளைகுடாவின் கிழக்குக் கரை முழுக்கப் பனிப்பாறை தேய்த்து வழவழப்பாக்கிய கருங்கல். நடுநடுவே குடாக்களில்தான் சேறு தேங்கியிருக்கும், அதன் மேல் செடி. நீங்கள் போகும் இன்னொரு ஏரியான சிம்கோவில், தெற்கே குக்ஸ் பே பக்கம் ஆழம் குறைவு, செடி அடர்த்தி.

ஆகவே எல்லாத் தரைக்கும் ஒன்று வேண்டுமென்றால், புதுத் தலைமுறை அகப்பை வடிவ நங்கூரம் ஒன்றை 6 கிலோ அளவில் வாங்குங்கள். கூர்முனையும் குழிந்த உடலும் உள்ளவை. நியூசிலாந்தில் வந்த ராக்னா, அமெரிக்காவின் மான்டஸ் போன்றவை இந்த இனம். சிலவற்றில் மேலே ஒரு வளையம் இருக்கும், குப்புற விழுந்தாலும் புரட்டி நிமிர்த்திவிடும். காற்று திரும்பினால் இவை தாமாகவே திரும்பிப் புதைவதில் கெட்டி. ஒரே இடைஞ்சல், மடங்காது. உங்கள் மாதிரிப் படகுகளில் அணியத்து நங்கூரப் பெட்டி டான்ஃபோர்த் வகைக்காகவே தட்டையாக இருக்கும். அட்டையில் அந்த அளவுக்கு ஒரு மாதிரி வெட்டிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். இடமில்லையென்றால் கவலை வேண்டாம், இருக்கிற டான்ஃபோர்த்தையே புதுக் கயிறு, சங்கிலியோடு வைத்துக்கொண்டு, மணலும் சேறும் உள்ள இடமாகப் பார்த்து நில்லுங்கள். கடல் வரைபடத்தில் தரையின் தன்மையைக் குறியெழுத்தால் காட்டியிருப்பார்கள், பார்க்கப் பழகுங்கள்.

காளான் வடிவ நங்கூரம், குடை மாதிரி விரியும் நான்கு கொக்கி நங்கூரம் இரண்டும் சின்னத் தோணிக்கு மீன்பிடிக்க நிற்க உதவும். உங்களுக்கு வேண்டாம்.

போடும் விதம்

சரி, பொருள் வந்துவிட்டது. ஆனால் கயிற்றை நீளமாக்கிவிட்டு, பழையபடி வீசிவிட்டு எஞ்சினை அணைத்தால் மறுபடியும் அதே கதைதான்.

முதலில் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். 35 மீட்டர் கயிறு விட்டால் படகு அந்த ஆரத்தில் எல்லாத் திசையிலும் சுற்றும். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வட்டத்துக்குள் பாறையோ வேறு படகோ வரக்கூடாது. காலையில் தெற்குக் காற்று இருந்தாலும் மாலையில் வடமேற்கு வரும் என்று வைத்தே இடம் பாருங்கள். அங்கே கோடைப் பிற்பகல் இடி மேகம் அப்படித்தான் வரும். 2022 மே 21 அன்று தெற்கு ஒன்டாரியோவை அடித்துப்போன காற்று உங்களுக்கு நினைவிருக்கும்.

அப்புறம் அணியத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, படகு அசையாமல் நின்றதும் நங்கூரத்தை மெதுவாக இறக்குங்கள். எறிய வேண்டாம், எறிந்தால் சங்கிலி அதன் மேலேயே விழுந்து சுற்றிக்கொள்ளும். தரையைத் தொட்டதும் படகைக் காற்றோடு பின்னால் போகவிட்டு, அதற்கேற்பக் கயிற்றை விடுங்கள். ஐந்தைந்து மீட்டருக்கு ஒரு நிற நூலைக் கயிற்றில் கட்டிவைத்தால் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். பாதிக் கயிற்றில் ஒருமுறை மெல்லப் பிடித்து இழுபட விடுங்கள், முனை மண்ணைக் கௌவட்டும். முழுதும் விட்டபின் அணியத்தில் கயிறு கட்டுவதற்கென்று உள்ள கொம்பில் சுற்றுங்கள்.

இனி வருவதைத்தான் பத்தில் எட்டுப் பேர் செய்வதில்லை என்று என் அனுபவம் சொல்கிறது. ரிவர்ஸ் கியரில், முதலில் சும்மாவும் பிறகு கொஞ்சம் கூட்டியும், அரை நிமிடம் பின்னால் இழுங்கள். இழுக்கும்போதே பக்கவாட்டில் கரையில் இரண்டு பொருட்களை ஒரே கோட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு பாறை, அதற்கு நேர் பின்னால் ஒரு பைன் மரம் என்று. அந்தக் கோடு கலையாமல் நின்றால் நங்கூரம் பிடித்துவிட்டது. மரம் பாறையை விட்டு விலகிக்கொண்டே போனால் இழுபடுகிறது. கயிற்றில் கை வைத்துப் பாருங்கள். புதைந்திருந்தால் விறைத்து அமைதியாக இருக்கும், இழுபட்டால் கரடுமுரடான தரையில் மாட்டுவண்டி போகிற மாதிரி விட்டுவிட்டு அதிரும். பிடிக்கவில்லையா, தூக்கி மறுபடி போடுங்கள். நான் நான்கு தடவை போட்ட நாளும் உண்டு, பக்கத்துப் படகுக்காரர் சிரித்தார், சிரிக்கட்டும். கைபேசியில் நங்கூரக் காவல் செயலிகள் இருக்கின்றன. வட்டத்தை விட்டுப் படகு நகர்ந்தால் சத்தம் போடும், அதையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கைபேசி சார்ஜ் தீர்ந்துபோகும், பாறையும் மரமும் அங்கேயேதான் இருக்கும். பெரிய கப்பலிலும் நங்கூரம் போட்டபின் ஒரு அதிகாரி சில நிமிடங்களுக்கு ஒருமுறை கரை அடையாளங்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டே இருப்பார். 2012 அக்டோபர் 31-ல் நிலம் புயலின்போது சென்னைக்கு வெளியே நின்ற பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் இழுபட்டுத்தான் கரை தட்டியது. அதில் மாலுமிகள் சிலர் உயிரிழந்தார்கள்.

இன்னொரு தடவை இழுபட்டால் முதல் வேலை, பிள்ளைகளை எண்ணிப் படகில் ஏற்றுவது. புரொப்பெல்லர் பக்கம் யாரும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே எஞ்சின். சேர்த்துக் கட்டிய படகை அவிழ்த்துவிடுங்கள். இடமிருந்தால் கயிற்றை இன்னும் விடுங்கள், பல நேரம் அதிலேயே பிடித்துவிடும். நண்பர்கள் படகுகளைச் சேர்த்துக் கட்டி ஒரே நங்கூரத்தில் நிற்பது, காற்றில்லாத பகலில், யாராவது ஒருவர் விழித்திருக்கும்போது மட்டும்.

மச்சானின் இரண்டாவது நங்கூரம்

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் மாதிரி மோட்டார் படகுகளில் எஞ்சினின் எடை முழுதும் பின்னால் இருக்கிறது, பின்சுவரும் தாழ்வு. அமரத்தில், அதாவது பின்பக்கம், நங்கூரக் கயிறு கட்டியிருக்கும்போது காற்று அந்தப் பக்கம் திரும்பினால் படகு அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாட்டிக்கொள்ளும். இரண்டு அலை உள்ளே ஏறினால் பின்பக்கம் இன்னும் தாழும், மூன்றாவது அலைக்குத் தடையே இருக்காது. சின்னப் படகுகள் இப்படி நிமிடக்கணக்கில் மூழ்கியிருக்கின்றன. சிக்கிய நங்கூரத்தைப் பின்பக்கம் கட்டி எஞ்சினால் இழுப்பதிலும் இதே ஆபத்துதான். சிக்கினால் நேர் மேலே போய்க் கயிற்றை அணியத்தில் இறுக்கிக் கட்டிவிட்டுக் காத்திருங்கள். அலை தூக்கும்போது அதுவே பிடுங்கும். பாறை இடுக்கு என்று முன்பே சந்தேகம் இருந்தால், நங்கூரத்தின் தலைப்பக்கம் ஒரு மெல்லிய கயிறும் மிதவையும் கட்டிப் போடுங்கள். அதைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்தால் வந்துவிடும்.

படகு சுற்றக்கூடாது என்பதுதான் மச்சானின் கவலை என்றால், அந்தப் பகுதியில் பழகியவர்கள் வேறு மாதிரி செய்வார்கள். நங்கூரம் அணியத்திலிருந்து ஆழத்தில். அமரத்திலிருந்து ஒரு கயிறு கரை மரத்துக்கு. காற்று பக்கவாட்டில் ஏறத் தொடங்கினால் அந்தக் கரைக்கயிற்றை உடனே அவிழ்த்துவிட வேண்டும். மரம் யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பர், குடில்காரர், பீர்

நான் வழக்கறிஞர் இல்லை. என் வேலையில் தினமும் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன், பெரிய தொகை என்றால் வழக்கறிஞரைப் பாருங்கள். இழுபட்ட நங்கூரத்தின் சொந்தக்காரர்தான் பொதுவாகச் சேதத்துக்குப் பொறுப்பு. உங்கள் நண்பரும் தெரிந்தே அதே நங்கூரத்தை நம்பிக் கட்டிக்கொண்டார் என்ற வாதமும் இருக்கிறது. ஒரு கீறலுக்காக நட்பை அங்கே வரை கொண்டுபோக வேண்டாம் என்பது என் கருத்து, பாதிப் பாதி பேசி முடியுங்கள். படகுக் காப்பீடு அங்கே சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் படகுத்துறைகள் பல கேட்கும். மற்றவர் படகுக்கும் ஆளுக்கும் ஆகும் சேதத்தை ஈடுகட்டும் பகுதி உங்கள் காப்பீட்டில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

குடில்காரர் விஷயம். கனடாவில் படகு போகக்கூடிய நீர்நிலைகளில் பயணம் செய்யும் உரிமை எல்லோருக்கும் உண்டு. நியாயமான நேரத்துக்கு நங்கூரம் போட்டு நிற்பது அந்த உரிமையில் அடங்கும். வீட்டு முன்னால் இருப்பதால் மட்டும் தண்ணீர் அவருடையதாகிவிடாது. பூங்கா எல்லை, தடை அறிவிப்பு உள்ள இடங்கள், தனியாருக்குக் கொடுத்த நீர்மனை (தண்ணீருக்கு அடியில் உள்ள நிலம்) என்று விலக்குகள் உண்டு. கரையில் கால்வைத்தால் அது வேறு கதை. ஆனாலும் அவர் ஏன் கத்தினார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்தத் தீவுகளுக்கு மின்சாரம் நீருக்கடியில் கேபிளில் போகிறது, குடிநீர்க் குழாயும் ஏரிக்குள் கிடக்கும். கரையில் கேபிள் அறிவிப்புப் பலகை இருந்ததா? வரைபடத்திலும் அதைக் குறித்திருப்பார்கள். அங்கே நங்கூரம் போடவே கூடாது. அடுத்தமுறை உரிமையைப் பேசுவதற்கு முன் "கீழே கேபிள் போகுதா?" என்று கேட்டுவிடுங்கள்.

பீர் விஷயத்தில் மச்சான் பாதிதான் படித்திருக்கிறார். ஒன்டாரியோவில் படகில் மது அருந்த, நங்கூரம் போட்டிருப்பதோ கரையில் கட்டியிருப்பதோ மட்டும் போதாது. நிலையான படுக்கை, சமையல் வசதி, கழிப்பறை மூன்றும் உள்ள படகாகவும் இருக்க வேண்டும். உங்கள் படகில் மூன்றும் இல்லை. போதையில் படகு ஓட்டுவதும் கார் ஓட்டுவது போலவே குற்றம், காரோட்டும் உரிமமும் போகும். இழுபட்டால் உடனே ஓட்டியாக வேண்டியவர் நீங்கள்தான் என்பதையும் மச்சானிடம் சொல்லுங்கள்.

படகை விற்பதா என்பது உங்கள் வீட்டு விஷயம், நான் நுழையவில்லை. மகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவளே வர விரும்பினால், காற்றில்லாத ஒரு காலையில், மணல் தரையில், இடுப்பளவுத் தண்ணீரில் போய் நில்லுங்கள். அந்த வளைகுடாவின் தண்ணீர் தெளிவானது. உயிர்காப்பு உடையும் நீச்சல் கண்ணாடியும் போட்டு எஞ்சினை அணைத்துவிட்டு, நீங்கள் கயிற்றைக் கையால் இழுக்க இழுக்க நங்கூரம் மண்ணுக்குள் இறங்குவதை அவள் குனிந்து பார்க்கட்டும். கயிற்றைக் குறுக்கி இழுத்து அது பிடுங்கிக்கொண்டு வருவதையும் காட்டுங்கள். பாறையையும் மரத்தையும் பார்த்துக் கோடு பிடிக்கும் வேலையை அப்புறம் அவளிடமே கொடுக்கலாம். என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் பெரியவர்களைவிட இதில் கண்டிப்பானவர்கள்.

கடைசியாக ஒன்று, கடிதத்தில் நீங்கள் கேட்கவில்லை. கயிற்றின் மறுநுனி படகில் கட்டியிருக்கிறதா? கட்டாமல் விட்டு, முழுக் கயிறும் நங்கூரத்தோடு போனதைப் பார்த்திருக்கிறேன். நங்கூரப் பெட்டிக்குள் உள்ள வளையத்தில் கட்டுங்கள், ஆனால் கட்டும் இடம் கைக்கு எட்ட வேண்டும். பக்கத்திலேயே உறையோடு ஒரு கத்தி வையுங்கள். பாறை நெருங்கி, எடுக்க நேரமில்லை என்றால் ஒரு மிதவையைக் கட்டி அறுத்துவிட்டுப் போய்விடலாம். மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.